புளிக்க வைக்காத மூலிகைத் தேநீரும் நின்றுபோன இரும்புச்சத்து மாத்திரையும்

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருக்கு வயது 41. அலுவலக வேலை. நாளுக்கு ஆறேழு முறை பால் கலந்த தேநீர் குடிக்கும் பழக்கம் பல வருடங்களாக இருந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, இரவில் தூக்கம் பிடிப்பதில்லை என்று மருத்துவரிடம் போனபோது, ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், டீயைக் குறைக்கவும் சொல்லியிருக்கிறார். வாசகி டீயை ஒரேயடியாக நிறுத்திவிட்டு, உறவினர் ஒருவர் கொடுத்த கிரீன் ரூய்போஸ் என்ற மூலிகைத் தேநீருக்கு மாறிவிட்டார். பாக்கெட்டில் "புளிக்க வைக்காதது" என்று போட்டிருக்கிறது. மாறிய முதல் மூன்று நாளும் தலைவலி தாங்க முடியவில்லை. மாத்திரையால் மலச்சிக்கல் வந்ததால், "டீயைத்தான் விட்டாயிற்றே, இனி ரத்தம் தானாக ஊறிவிடும்" என்று அதையும் நிறுத்திவிட்டார்.

அவர் கேட்பவை இவை. புளிக்க வைக்காதது என்றால் இதுவும் கிரீன் டீதானா? தலைவலி அதில் உள்ள கஃபீனால் வந்ததா? கஃபீன் இல்லையென்றால் இரும்பு மாத்திரையை இந்தத் தேநீரோடு விழுங்கலாமா? சிவப்பு ரூய்போஸைவிடப் பச்சை பல மடங்கு சக்தி வாய்ந்தது, சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்களே, கணவர் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு இதைக் குடிக்கலாமா? அக்கா மகளின் நான்கு மாதக் குழந்தைக்கு வயிற்றுவலிக்குக் கொடுக்கலாமா?

கடிதத்தின் நடுவே இரண்டு விஷயங்களைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். மாதவிடாய் எட்டு நாள் வரை போகிறது, கட்டிகட்டியாகப் போகிறது என்பது ஒன்று. படுத்தால் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கிறது, எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது என்பது இன்னொன்று.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேள்வியாகக் கேட்டதைவிட, கேட்காமல் விட்ட அந்த இரண்டு வரிகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. அவற்றுக்குக் கட்டாயம் வருகிறேன். முதலில் தேநீரைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அந்தக் குழப்பத்தால்தான் மாத்திரையும் நின்றுபோயிருக்கிறது.

பச்சை என்பதால் அது கிரீன் டீ ஆகிவிடாது

கடையில் கிடைக்கும் கறுப்புத் தேயிலை, கிரீன் டீ, ஊலாங், வெள்ளைத் தேநீர் எல்லாமே கமீலியா சைனென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள். பறித்த பிறகு இலையை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். இலையை வாடவிட்டு, உருட்டிக் கசக்கி, காற்றுபட விட்டால் கறுப்புத் தேயிலை. பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி, இலை நிறம் மாறாமல் தடுத்துவிட்டால் கிரீன் டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். எப்படிப் பக்குவம் செய்தாலும் கஃபீன் இலையிலேயே இருக்கிறது. அதனால்தான் கிரீன் டீயிலும் அது உண்டு.

ரூய்போஸ் வேறு குடும்பம். அதன் தாவரப் பெயர் அஸ்பலாதஸ் லினியாரிஸ். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, ஊசி ஊசியான இலை கொண்ட புதர். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்கு வடக்கே, கிளான்வில்லியம் ஊரைச் சுற்றிய செடர்பெர்க் மலைப்பகுதியிலும் அதை ஒட்டிய இடங்களிலும்தான் வளர்கிறது. கோய், சான் மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த செடி இது. இதில் இயல்பாகவே கஃபீன் கிடையாது. சிவப்பாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் கிடையாது.

அங்கே கோடையில் கிளைகளை அறுத்து, சில மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, நசுக்கி, குவியலாகப் போட்டு இரவு முழுக்க விடுகிறார்கள். விடிவதற்குள் பச்சை நிறம் போய்ச் செங்கல் நிறம் வந்துவிடும். தேன் போன்ற இனிய வாசனையும் ஏறிவிடும். பிறகு திறந்த களத்தில் பரப்பி வெயிலில் காய வைப்பார்கள். இதுதான் வழக்கமான சிவப்பு ரூய்போஸ். இந்தக் குவித்து வைக்கும் கட்டத்தைத் தவிர்த்து, நிறம் மாறும் முன்பே வேகமாக உலர்த்திவிட்டால் அது பச்சை ரூய்போஸ். உங்கள் பாக்கெட்டில் "புளிக்க வைக்காதது" என்று போட்டிருப்பதன் பொருள் இவ்வளவுதான்.

"புளித்தது என்றால் தயிர் மாதிரி நல்ல கிருமிகள் இருக்குமே, பச்சையில் அது போய்விடுமா?" என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். சிவப்பு ரூய்போஸிலும் அப்படிப்பட்ட கிருமிகள் இல்லை. வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவது போல, நசுங்கிய இலையின் சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைப் புளித்தல் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நுண்ணுயிர்கள் வேலை செய்து உருவாகும் தேநீர்கள் வேறு. சீனத்தின் பூ-அர், புளித்த பானமான கொம்புச்சா போன்றவை அந்த வகை.

கெமோமில், புதினா, செம்பருத்தி முதலிய மூலிகைத் தேநீர்களையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவை பெரும்பாலும் வெறுமனே காய வைத்த பூக்களும் இலைகளும்தான். அதாவது எல்லாமே புளிக்க வைக்காதவைதான். அதனால் அந்தப் பாக்கெட்டுகளில் யாரும் இதைத் தனியாகக் குறிப்பிடுவதில்லை. ரூய்போஸில் இரண்டு பக்குவமும் இருப்பதால்தான் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மூலிகை" என்று போட்டிருந்தாலே கஃபீன் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். தென் அமெரிக்காவின் மாத்தே தேநீரில் கஃபீன் உண்டு.

எனவே பாக்கெட்டின் பின்புறம் உள்ள சேர்மானப் பட்டியலை ஒருமுறை படியுங்கள். அஸ்பலாதஸ் லினியாரிஸ் அல்லது ரூய்போஸ் மட்டும் இருந்தால் கவலையில்லை. கிரீன் டீயும் கலந்திருந்தால் கஃபீனும் கூடவே வருகிறது. போட்டுப் பார்த்தும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பச்சை ரூய்போஸ் வெளிர் மஞ்சளாக, லேசான புல் வாசனையோடு இறங்கும். கிரீன் டீயைக் கொதிக்கும் நீரில் நெடுநேரம் விட்டால் வாயில் வைக்க முடியாதபடி கசக்கும். ரூய்போஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறினாலும் அந்த அளவுக்குக் கசக்காது.

அப்படியானால் தலைவலி எதனால்? நாளுக்கு ஆறேழு டீ குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடல் கஃபீனைத் தேடும். கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சில நாட்களில் அடங்கும். கூடவே எரிச்சலும் சோர்வும் வரும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இதுவேதான். புதிய தேநீர் ஒரு பாவமும் செய்யவில்லை. உங்கள் மருத்துவர் "குறையுங்கள்" என்றுதான் சொன்னார். நாளுக்கு ஒரு கோப்பை வீதம் படிப்படியாகக் குறைத்திருந்தால் இந்த அவஸ்தை இருந்திருக்காது.

இரும்பைத் தடுப்பது கஃபீன் அல்ல

உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாத் தவறான எண்ணங்களிலும் எனக்குக் கவலை தருவது இதுதான். கஃபீன் இல்லாத தேநீரோடு மாத்திரையை விழுங்கலாம் என்று நினைக்கிறீர்கள். தேநீரில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாமல் செய்பவை பாலிஃபீனால்கள். தேநீருக்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. கஃபீனை நீக்கிய டீயிலும் அவை இருக்கின்றன. மூலிகைத் தேநீர்களிலும் இருக்கின்றன.

1999-ல் வெளியான ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு பல வகைத் தேநீர்களைக் கொடுத்து இரும்பு எவ்வளவு உடலில் சேர்கிறது என்று அளந்தார்கள். கறுப்புத் தேநீர் இரும்பு சேர்வதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. புதினாத் தேநீர் 84 சதவீதம் குறைத்தது. கெமோமில் 47 சதவீதம் குறைத்தது. "டீக்குப் பதிலாகப் புதினாத் தேநீர் குடிக்கிறேன்" என்று நிம்மதியாகச் சொல்லும் எத்தனையோ பேருக்கு இந்த எண்களைக் காட்டியிருக்கிறேன். உடனே நம்ப மாட்டார்கள்.

ரூய்போஸ் இதில் கொஞ்சம் நல்ல பிள்ளை. 1979-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், தண்ணீரோடு கொடுத்தபோது இரும்பு சராசரியாக 9.34 சதவீதம் உறிஞ்சப்பட்டது. ரூய்போஸோடு 7.25. கறுப்புத் தேநீரோடு வெறும் 1.70. ஆனால் அது சிலரை வைத்துச் செய்த ஆய்வு. அதில் கொடுத்தது வழக்கமான சிவப்பு ரூய்போஸ். பச்சையில் பாலிஃபீனால்கள் சிவப்பைவிட நிறைய இருக்கின்றன, அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். எனவே சிவப்புக்குக் கிடைத்த நற்சான்றிதழைப் பச்சைக்கும் கொடுத்துவிட முடியாது. தேநீர் எந்த நிறமானாலும் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாத்திரையைத் தண்ணீரோடு வெறும் வயிற்றில் போடுவது நல்லது. வைட்டமின் சி உள்ள பழச்சாறோடும் போடலாம். பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள்.

மாத்திரையைப் பற்றி

டீயை விட்டால் ரத்தம் தானாக ஊறிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள். சகோதரி, அது நடக்காது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 9.2 என்பது நடுத்தர அளவு ரத்தசோகை. இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் உடலின் இரும்புச் சேமிப்பு ஏறக்குறையக் காலியாகியிருக்க வாய்ப்பு அதிகம். டீயை நிறுத்துவது ஓட்டையை ஓரளவு அடைக்கும். தொட்டி நிரம்ப மாத்திரைதான் வேண்டும்.

மலச்சிக்கல் உண்மையான தொந்தரவுதான், அதை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தியதுதான் தப்பு. மாற்று வழிகள் இருக்கின்றன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது அவற்றில் ஒன்று. ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உடலில் கூடி, சுமார் ஒரு நாளுக்கு இரும்பு சேர்வதை மட்டுப்படுத்துகிறது. அதனால் இடைவெளி விட்டுப் போடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு சேர்கிறது, வயிற்றுத் தொந்தரவும் குறைகிறது. இரும்பின் வகையை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். எதுவுமே ஒத்துவராவிட்டால் நரம்பு வழியாக ஏற்றவும் முடியும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்திருக்கிறீர்கள். இரும்பு மாத்திரை போடும்போது அது இயல்பு. தார் போலப் பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனாலோ, மாத்திரையை நிறுத்திப் பல நாட்கள் ஆன பிறகும் கறுப்பாகவே போனாலோ உடனே காட்டுங்கள்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிகளுக்கு வருகிறேன். எட்டு நாள் மாதவிடாய், கட்டிகட்டியாகப் போவது. "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் எல்லாருக்கும் இருப்பதாலேயே அது இயல்பாகிவிடாது. மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போகும் ஒருவருக்கு ரத்தசோகை வந்தால், பழியை டீயின் மீது மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. கருப்பையில் நார்க்கட்டி, தைராய்டு குறைபாடு, ஹார்மோன் மாற்றம் என்று காரணம் பலவாக இருக்கலாம். மகளிர் நல மருத்துவர் ஒருவரைப் பார்த்து ஸ்கேனும் தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். போக்கைக் குறைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. இத்தனை வருடம் இதைச் சகித்துக்கொண்டே அலுவலகமும் வீடும் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கால்களுக்குள் ஊர்வது போன்ற உணர்வு, நடந்தால் அடங்குவது, இரவில் மட்டும் வருவது. இது அமைதியற்ற கால்கள் என்று நாங்கள் சொல்லும் நிலையாக இருக்கலாம். இரும்புக் குறைபாட்டோடு நெருங்கிய தொடர்பு உடையது. தூக்கம் வராததற்கு டீயைக் காரணமாக நினைத்தீர்கள். ஆறேழு கோப்பை டீக்கும் அதில் பங்கு இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் டீயை விட்ட பிறகும் தூக்கம் வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டுவது அதுதான். இந்தக் கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பது வழக்கம். அறிக்கையில் "இயல்பு" என்று அச்சிட்டு வந்தாலும், எண்ணைப் பார்த்து மருத்துவரிடம் கால் பிரச்சினையைச் சொல்லுங்கள்.

கணவரின் சர்க்கரை மாத்திரை

வேண்டாம், அதை நிறுத்த விடாதீர்கள். பச்சை ரூய்போஸில் அஸ்பலாத்தின் என்ற பொருள் அதிகம் என்பது உண்மை. இயற்கையில் ரூய்போஸ் செடியில்தான் அது கிடைக்கிறது. குவித்து வைத்துச் சிவக்க விடும்போது அதன் பெரும்பகுதி சிதைந்துவிடுவதால் சிவப்பில் கொஞ்சம்தான் மிஞ்சும். "பல மடங்கு சக்தி" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. சர்க்கரையைக் குறைக்கும் தன்மை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் செல்களிலும் எலிகளிலும், செறிவூட்டிய சாற்றைக் கொண்டு செய்யப்பட்டவை. மனிதர் குடிக்கும்போது அஸ்பலாத்தினில் ஒரு சதவீதம்கூட ரத்தத்தில் சேர்வதில்லை என்று சிறுநீரை அளந்து பார்த்த ஆய்வுகள் காட்டுகின்றன. இலையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதும் வேறு வேறு கணக்குகள். மனிதர்களிடம் கிடைத்த நல்ல சேதி ஒன்று உண்டு. இதயநோய் அபாயம் உள்ள 40 பேர் ஆறு வாரம் நாளுக்கு ஆறு கோப்பை குடித்தபோது, அவர்களின் கொழுப்பு அளவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் குடித்ததும் சாதாரண சிவப்பு ரூய்போஸ்தான்.

கணவர் கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பச்சை ரூய்போஸ் சாறு, அந்த மருந்தைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைத் தடுக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனையில் தெரிந்திருக்கிறது. ஓரிரு கோப்பைத் தேநீருக்கு நான் பயப்பட மாட்டேன். ஆனால் இதே பெயரில் விற்கும் சாற்று மாத்திரைகளை அவர் எடுக்க வேண்டாம். மிக அரிதாக, ரூய்போஸ் குடித்த சிலருக்குக் கல்லீரல் நொதிகள் ஏறியதாகவும் மருத்துவக் குறிப்புகள் உண்டு. கல்லீரல் நோய் இருப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பது நல்லது. இனிப்பில்லாமல் குடித்தால், சர்க்கரை போட்ட டீக்கு இது நல்ல மாற்று. கணவருக்கு இதனால் கிடைக்கும் உறுதியான லாபம் அதுதான்.

நான்கு மாதக் குழந்தைக்கு

கொடுக்க வேண்டாம். ரூய்போஸ் குழந்தைக்கு நல்லது என்ற பேச்சு 1968-ல் அன்னெக்கி தெரோன் என்ற தென்னாப்பிரிக்கத் தாய், தன் குழந்தையின் அழுகை இதனால் அடங்கியது என்று கண்டதிலிருந்து பரவியது. ஒரு தாயின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சிறிய வயிற்றில் தேநீர் போனால் அந்த அளவுக்குப் பால் குறையும். அழுகையோடு காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது என்று எது தெரிந்தாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டியது. இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் போய், மாத்திரையை நிறுத்தியதையும் ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். மாத்திரையை மறுபடி தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால், மாத்திரை உடலில் சேரவில்லையா, அல்லது சேர்வதைவிட அதிகமாக ரத்தம் போகிறதா என்று தேட வேண்டும். ஏறி 12-ஐத் தொட்டாலும் நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது மாத்திரை தேவைப்படும். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் உங்கள் பச்சை ரூய்போஸை நிதானமாகக் குடியுங்கள், அதை நான் தடுக்கவில்லை. மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். ஃபெரிட்டினும் ஸ்கேன் அறிக்கையும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.